குட்டி கியர்

எங்கள் ஊரில் என் தாய்மாமனுக்கு மறதி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. டீக்கடையில் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு கணம் தாமதித்தால் போதும், "இன்னா மறதி, பர்ஸ வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும். அவரும் சிரித்துக்கொண்டே, "நம்ம புத்திதான் ஊருக்கே தெரிஞ்சதாச்சே" என்பார். பர்ஸ் கையிலேயே இருக்கும்.

உண்மையில் அவரைப்போல ஞாபகசக்தி உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. எந்தத் தோப்பில் எந்தப் பக்கம் மணல் இளகியிருக்கும், எந்த வீட்டு நாய் வண்டிக்குக் குறுக்கே வரும், எனக்கு எந்த டீச்சரைப் பிடிக்காது, என் அம்மா கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மணலில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே எங்கள் வீடுகள். எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் ஒரே வேலி. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் மாமாதான். பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். கோடையில் தர்பூசணி, மற்ற நாட்களில் சவுக்குக் கட்டை. தார் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வெறும் மணல். வண்டி அதில் இறங்கினால் பின் சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தங்களுக்குத் தாங்களே குழி பறித்துக்கொள்ளும். டயரில் காற்றை இறக்கி, சவுக்கு மிலாறுக் குச்சிகளைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் பின்னால் நின்று தள்ள வேண்டும். மணல் பறந்து வந்து வாயெல்லாம் நிறையும். அப்போது மாமா தலையை வெளியே நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்து, "இதுங்க ரெண்டும் இன்னாத்துக்குக் கீது? சும்மா குந்திகினு வேடிக்க பாக்குது பாரு" என்பார். நாங்கள் தள்ளுவதை விட்டுவிட்டுச் சிரிப்போம்.

ஒருநாள் அந்த வேடிக்கை முடிந்துபோனது. மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு முதல் பிரசவ வலி வந்தபோது வண்டி பாதி வழியில் மணலில் அமிழ்ந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தார் ரோடுவரை தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தை தங்கவில்லை. அப்போது நான் மிகவும் சின்னவள். கட்டில் திரும்பி வந்து வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதன் பிறகு மாமா முன் சக்கரங்களைப் பற்றித் தமாஷ் பேசியதில்லை. சில நாள் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அத்தை மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே மாமா வண்டியை மதுராந்தகத்தில் ஏரிப் பக்கம் இருந்த ஒரு ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றப் போவதாகச் சொன்னார். அம்மா, "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? தார் ரோட்டாண்ட வேற வூடு பாருடா" என்றாள். மாமா வீடும் பார்த்தார். கிடைக்கவில்லை. அத்தைக்குப் போக ஒரு தாய்வீடும் இல்லை. இந்தக் கல்யாணத்தோடு அந்தக் கதவு சாத்தப்பட்டிருந்தது. கடைசி மாதம் மதுராந்தகத்தில் அம்மாவின் சிநேகிதி வீட்டில் தங்க வைக்கலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் என்பதுதான் மாமாவின் பயம். போனமுறை முன்னாலேயே ஆகியிருந்தது.

விடுமுறை நாட்களில் மாமா என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிப் போவார். வண்டியை மரக்கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மாமா காயலான் கடை காயலான் கடையாக அலைந்து, யாரோ ஏலத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப்பின் முன் அச்சைத் தேடிப் பிடித்திருந்தார். அதன் நடுவில் பானை மாதிரி ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் இருக்கிற பல்சக்கரங்கள்தான் முன் சக்கரங்களை இழுக்க வைக்கும் என்றார்கள். அதே ஜீப்பிலிருந்து இன்னொரு இரும்புப் பெட்டியும் வந்தது. என்ஜின் தருவதை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. பின்னால் போகிற பழைய ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கி, முன்னால் போவதற்குப் புதிதாக ஒன்று செய்தார்கள். முன் ஸ்பிரிங் பட்டைகளை உயர்த்தினார்கள். ஆர்.சி. புத்தகத்துக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. அது பாட்டுக்குப் பெட்டியில் தூங்கியது. கடைசியில் கேபின் தரையில் ஓர் ஓட்டை போட்டு, பெரிய கியருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கியரை நிறுத்தினார்கள். முன்னால் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் இழுத்தால் பழையபடி இரண்டு. நான் அதற்குக் குட்டி கியர் என்று பெயர் வைத்தேன். எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வண்டியை எடுக்கப் போன அன்று மெக்கானிக் ஒரு கரித்துணியின் இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிக் காட்டினார். "அண்ணாத்த, மணல்ல சக்கரம் வழுக்கும். அதனால தாங்கிக்கும். தார்ல வழுக்காது. முன்னது ஒரு பக்கம் இழுக்கும், பின்னது ஒரு பக்கம் இழுக்கும், உள்ள இப்டியே முறுக்கிகினு போயி பட்டுனு எங்கியாவது வுட்ரும். எல்லாம் பழைய சாமான். தார் ஏறுனியா, மொத வேலயா குட்டி கியர பின்னாடி இழுத்துடு."

"எத்தினி தபா சொல்லுவ?" என்றார் மாமா.

"நீ கெழவனாவற வரைக்கும் சொல்லுவேன்" என்று மெக்கானிக் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வண்டி ஊருக்கு வந்த அன்று திருவிழா மாதிரி இருந்தது. போனமுறை அமிழ்ந்த அதே இடத்தில் மாமா வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினார். பிறகு குட்டி கியரை முன்னால் தள்ளிவிட்டு மெதுவாகக் கிளப்பினார். வண்டி சோற்றுப் பானையிலிருந்து கரண்டி எழுவதுபோல எந்தச் சிரமமும் இல்லாமல் எழுந்து வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உயரம் கூடிப்போன வண்டியில் அவள் ஏற முடியாது என்று மறுநாளே மாமா ஒரு படி செய்து கதவுக்குக் கீழே வெல்டிங் வைத்தார்.

ஒரே ஒரு குறை. குட்டி கியரின் பல் தேய்ந்திருந்ததால் மணலில் ஒரு குலுக்கல் குலுக்கினால் அது தானாகவே நழுவிப் பின்னால் வந்துவிடும். மாமா ஒரு சைக்கிள் டியூப்பை நறுக்கி, குட்டி கியரை முன்னால் தள்ளியபடி சீட்டுக் கம்பியோடு இழுத்துக் கட்டினார். தார் ஏறியதும் அதை அவிழ்த்துக் கியரைப் பின்னால் இழுத்துவிடுவார். அவருடைய கை தானாகவே அதைச் செய்யும். பேசிக்கொண்டே செய்வார், பாடிக்கொண்டே செய்வார். ஒரு தடவைகூட விட்டதில்லை. நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தவள் நான்.

வண்டிக்குத் திருப்போரூரில் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணாடியில் சந்தனம் பூசி முடிந்ததும், அத்தை முருகன் சந்நிதியில் நின்று ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு முடிகிற காசு அது. ஒருமுறை கட்டிவிட்டால், பிள்ளை பிறந்த பிறகுதான் அவிழ்த்து அதே சந்நிதியில் செலுத்த வேண்டும். நடுவில் அவிழ்ப்பது சாமிக்குக் கொடுத்த வாக்கை நாமே பிடுங்கிக்கொள்வது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைச் சாமி படத்தில் கட்டுவார்கள், வீட்டு உத்தரத்தில் கட்டுவார்கள். அத்தை வீட்டுக்கு வந்து அதை எங்கேயும் கட்டாமல் மாடத்திலேயே வைத்திருந்தாள்.

மழைக்காலம் பிறந்ததும் மாமா லோடு எடுப்பதை நிறுத்திவிட்டார். வண்டியைத் தார் ரோட்டைப் பார்த்துத் திருப்பி, குட்டி கியரை முன்னால் தள்ளி டியூப்பால் கட்டி, எந்த நேரமும் கிளம்பத் தயாராக வாசலில் நிறுத்தி வைத்தார். ஒருநாள் காலை வந்து பார்த்தால் டியூப் தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் மஞ்சள் துணி, காசு முடிச்சோடு, இறுக்கமாக.

மாமா தலையைச் சொறிந்தார். "இத்த இன்னாத்துக்கு இங்க வந்து கட்டிகீற?"

"வேற எங்க கட்டச் சொல்ற?" என்றாள் அத்தை. "என் புள்ளய இதுதான இட்டுகினு போவப் போவுது."

மாமா டியூப்பை எடுத்துச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் போட்டார். சாயங்காலம் ஒரு பிளேடு துண்டைக் காகிதத்தில் சுற்றி, கண்ணாடிக்கு மேலே செருகி வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "நகம் வெட்ட" என்றார்.

வலி வந்தது ஒரு ஐப்பசிக் காலையில். மதுராந்தகத்துக்கு அனுப்பலாம் என்று குறித்திருந்த நாளுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. ஆம்புலன்சுக்கு அம்மா போன் போட்டாள்; அது வேறொரு ஊருக்குப் போயிருந்தது. மாமா அத்தையைத் தூக்கிக் கேபினில் உட்கார வைத்தார். நான் ஏற்கெனவே என் நடு இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். என்னை இறக்கப் பார்த்தார்கள். அத்தை என் கையை விடவில்லை. கதவோரம் சாய்ந்து கால்களை என் மடிமேல் நீட்டிக்கொண்டாள். அம்மா துணிமூட்டையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

மழை ஊறிய மணலில் வண்டி மாடு நடப்பதுபோல் நிதானமாகப் போனது. பழைய இடம் நெருங்கியபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தாண்டியதும் மாமா, "தாண்டிட்டோம்" என்றார். அத்தை கையை நீட்டி மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் எங்கள் மூன்று பேருக்கும் பெரிய நிம்மதி. பயந்தது அந்த மணலுக்குத்தானே. இனிமேல் நல்ல ரோடு.

தார் ஏறியதும் மாமா வண்டியை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலிருந்து பிளேடை எடுத்தார். அத்தை அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அத்தத் தொடாத."

"தார் ரோடும்மா. ஒடஞ்சிடும். ஆஸ்பத்திரி போனதும் நானே மறுபடி கட்டறேன்."

"கொழந்த பொறக்கற வரைக்கும் அவுக்க மாட்டேன்னு நேந்துகினு கீறேன். நீ மெதுவா போ." அவளுக்கு வலியில் மூச்சு வாங்கியது. "போன தபா நான் உன்ன ஒண்ணும் கேக்கல. இந்த தபா இது ஒண்ணுதான் கேக்கறேன்."

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பிளேடை மறுபடி காகிதத்தில் சுற்றிச் செருகிவிட்டு வண்டியை எடுத்தார்.

நேர் ரோட்டில் போகும்வரை பெரிதாகத் தெரியவில்லை. மதுராந்தகம் ரோட்டில் திரும்பியபோது ஸ்டியரிங் அவருக்கு அடங்கவில்லை. தோள்பட்டையால் தள்ளித் திருப்பினார். டயர்கள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு வளைவிலும் எங்கள் காலடியில் ஏதோ முனகியது. அவருடைய கை குட்டி கியர் பக்கம் போவதும், அத்தையின் முகத்தைப் பார்த்துத் திரும்பி வருவதுமாக இருந்தது. ஓர் ஏரிக்கரை வளைவில் பாறை உடைகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை.

அந்த ரோட்டில் நாங்கள் எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமா நடு ரோட்டில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு போன ஒரு மீன் வண்டி நின்றது. அம்மாவும் அந்த டிரைவரும் அத்தையைத் தாங்கிப் பிடித்து முன் சீட்டில் ஏற்றினார்கள். மாமா மட்டும் திரும்பி எங்கள் வண்டிக்கு ஓடி வந்தார். நான் அத்தையின் செருப்பைத் தேடிக்கொண்டு கேபினுக்குள் இருந்தேன். அவர் குனிந்து பல்லால் கடித்து மஞ்சள் முடிச்சை அவிழ்த்தார். பிளேடு மேலே இருந்தது, அதை எடுக்கவில்லை. துணி கிழியாமல் அவிழ்ந்தது. காசோடு சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லாம் உடைந்த பிறகு இதை ஏன் அவிழ்க்கிறார் என்று நினைத்தேன். அப்போது கேட்க முடியவில்லை. என்னைத் தூக்கி மீன் வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்து, தானும் ஏறிக்கொண்டார்.

பிறந்தது பெண் குழந்தை. அழவில்லை. அத்தை பிழைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "குட்டி கியரு முன்னாலயே கீது. தார்ல அப்டியேவா ஓட்டிகினு வந்த?" என்று கேட்டார். தாழ்வாரத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறந்துட்டேன்" என்றார் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவ்ளோ நாளா அந்த வண்டியவே கட்டிகினு அழுதியேடா. இத்தயாடா மறப்ப?"

"மறந்துட்டேங்கா."

அந்தச் சொல் எங்களுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் திட்டுவதற்குச் சொன்னார்கள். அப்புறம் பரிதாபப்பட்டுச் சொன்னார்கள். வருஷங்கள் போனபின் கேலிக்குச் சொன்னார்கள். வண்டி, வந்த இடத்துக்கே, காயலான் கடைக்குப் போனது. மாமா பிறகு அடுத்தவர் லாரி ஓட்டினார். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

மெக்கானிக் கரித்துணியை முறுக்கிக் காட்டியதை நான் பார்த்திருந்தேன். அத்தை மணிக்கட்டைப் பிடித்ததையும் பார்த்திருந்தேன். ஆனால் இரண்டையும் ஒன்றாக முடிந்து பார்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை. மாமா மறந்துவிட்டேன் என்றால் எதையோ மறந்திருப்பார், பெரியவர்களுக்கு ஆயிரம் இருக்கும். இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு ஜீப் உண்டு. ஒருநாள் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் பாலாற்று மணலில் அளவெடுத்துவிட்டுக் கரையேறினோம். டிரைவர் பேச்சுவாக்கில் கையை நீட்டி ஒரு சின்ன கியரைப் பின்னால் இழுத்தார். எதற்கு என்று கேட்டேன். "தார் ஏறிட்டோம்ல மேடம். இப்டியே ஓட்டுனா ஒடஞ்சிடும்" என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அலுவலகம் வரும்வரை அழுதேன். எல்லாம் உடைந்த பிறகு மாமா அந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்தது, அது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான்.

அன்றிலிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வருவது வண்டி உடைந்த சத்தம் அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நடந்த ஒன்று. அத்தை சுவரோரம் பாயில் படுத்திருக்கிறாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு வார்த்தை மாமாவைக் கேட்கிறார்கள். அவர் வாசற்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அத்தை கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்து அம்மாவிடம், "அண்ணி, அவுரு மறக்கல…" என்று ஆரம்பிக்கிறாள்.

மாமா திரும்பினார். "வாய மூட்றியா நீ?" என்று கத்தினார். வாசற்படியிலிருந்து எழுந்துவிட்டார். "மறந்துட்டேன்னு சொல்லிகினு கீறேன்ல? நான்தான் மறந்தேன். இன்னொரு தபா இத்தப் பத்தி வாயத் தொறந்த, நல்லா இருக்காது சொல்லிட்டேன்."

அத்தையை அவர் அதட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்வதையும் செய்துவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பாய்கிறானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது. எனக்கு மாமாவைவிடப் பிடித்தமானவர்கள் உலகத்தில் இல்லை. அன்று அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அத்தையின் பாயில் போய் ஒட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா உள்ளே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வீட்டில் அன்றைக்கு அத்தையின் பக்கம் நின்றது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.